விமானத்தில் டெப் வைத்துப் பறக்கலாமா? கிளிநொச்சித் தங்கச்சிக்கு ஒரு பதில்

கிளிநொச்சியைச் சேர்ந்த ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். இரத்மலானையில் தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குப் படிக்கிறார். ஓடுபாதையைச் சுற்றித் தனியே பறந்து முடித்துவிட்டார், இனித் தூரப் பறப்பு. கூடப் படிக்கிறவர்கள் தொடையில் டெப் கட்டிக்கொண்டுதான் விமானத்தில் ஏறுகிறார்களாம். டெப் என்றால் ஐபாட் போன்ற கைக்கணினி; அதிலுள்ள செயலி வரைபடத்தின் மேல் விமானம் இருக்கிற இடத்தைக் காட்டிக்கொண்டே வரும். காலபோக நெல் விற்ற காசில் அப்பா ஒன்று வாங்கித் தருகிறேன் என்கிறாராம். எதை வாங்குவது, வாங்கினால் காகித வரைபடத்தை விட்டுவிடலாமா, வன்னி வெயிலை அது தாங்குமா என்று மூன்று கேள்வி.

நான் வவுனியாவில் பிறந்தவன். மெல்பேர்ணில் பறக்கப் பழகி, அங்கே பல வருடம் வார இறுதிகளில் செஸ்னா என்கிற சின்ன விமானம் ஓட்டிவிட்டு இப்போது ஊரோடு வந்துவிட்டேன். 2009இல் நான் தொடங்கும்போது காகிதமும் பென்சிலும்தான். ஐபாட் வெளிவந்தது 2010இல். அடுத்த இரண்டு மூன்று வருடத்துக்குள் எங்கள் பறப்புக் கழகத்தில் டெப் இல்லாமல் பறக்கிறவரைத் தேடிப் பிடிக்கவேண்டியதாகிவிட்டது. இரண்டு முறையிலும் பறந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் ஒன்று, தங்கச்சி. உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு நெடுநேரம் சும்மா இருந்தேன். என் வயதுக்காரருக்கு வானத்தில் இரைச்சல் கேட்டால் கால் தானாகப் பங்கரைத் தேடும். அதே வானத்தில் எங்கட பிள்ளை ஒன்று பறக்கப் படிக்கிறது என்பது எனக்குச் சின்ன விசயம் இல்லை. அதனால்தான் இதில் மேலோட்டமாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

டெப் வாங்குங்கள். ஆனால் தனியே போகும் தூரப் பறப்புகள் முடிந்த பிறகு வாங்குங்கள். அதுவரை அப்பாவின் காசு வங்கியில் இருக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோ தனியார் விமானிக்கு வைத்திருக்கும் அடிப்படை அளவு 40 மணித்தியாலம். அதில் தனியே பறப்பது 10. அந்தப் பத்துக்குள் தூரப் பறப்பு 5. அந்த ஐந்துக்குள் ஒரு பறப்பு 150 கடல்மைல், வேறு வேறு இரண்டு நிலையங்களில் இறங்கி ஏறவேண்டும். எண்ணிப் பாருங்கள். நிலத்தைப் பார்த்து வழி அறியும் பழக்கம் உங்கள் மூளையில் பதிவதற்குக் கிடைப்பது அந்த ஒரு சில மணித்தியாலங்கள்தான். அந்த நேரத்தில் மடியில் ஒரு சின்ன விமானப் படம் நகர்ந்துகொண்டிருந்தால் கண் அதைத்தான் பார்க்கும், யன்னலைப் பார்க்காது. பிறகு அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது.

எங்கட நிலத்தையே எடுங்கள். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 38 கடல்மைல். 90 நொட் வேகத்தில், அதாவது மணிக்கு 90 கடல்மைலில், நிமிடத்துக்கு ஒன்றரைக் கடல்மைல். ஆக 25 நிமிடம். ஏ9 வீதியும் ரயில்பாதையும் ஒன்றையொன்று விடாமல் வடக்கே போகும். ஓமந்தை, புளியங்குளம், கனகராயன்குளம். பதினைந்து நிமிடம் அளவில் மாங்குளம் வரவேண்டும். மாங்குளம் என்று எதை வைத்துச் சொல்வது? முல்லைத்தீவு வீதி கிழக்கே பிரிகிற சந்தியை வைத்து. அது கடந்து கொஞ்ச நேரத்தில் வலப்பக்கத்தில் இரணைமடுக் குளம் விரியும். வடமாகாணத்தின் மிகப்பெரிய குளம், அதைத் தவறவிடவே முடியாது. மாங்குளம் பதினைந்து நிமிடத்தில் வராமல் பதினெட்டில் வந்தால் எதிர்காற்று நினைத்ததைவிடப் பலம். அப்படியானால் கிளிநொச்சிக்கு இனிப் பத்து இல்லை, பன்னிரண்டு. மடியில் ஒரு காகிதம், கையில் ஒரு மணிக்கூடு, அவ்வளவுதான். இந்தக் கணக்கை நீங்களே போட்டால் காற்று உங்களோடு பேசத் தொடங்கும். டெப் அதே விடையை ஒரு மூலையில் இலக்கமாகக் காட்டும். நாங்கள் பார்த்துவிட்டு மறந்துவிடுவோம்.

வன்னிக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. எங்கட நிலத்தின் அடையாளங்கள் பெரும்பாலும் குளங்கள். வரைபடத்தில் குளம் நீல நிறத்தில் ஒரே வடிவத்தில் வருடம் முழுக்க இருக்கும். நிலத்தில் அப்படியா? மார்கழி, தை மாதத்தில் வந்து பாருங்கள். அக்கராயன்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் வான்பாயும் மட்டத்துக்கு வந்திருக்கும். பக்கத்து வயல்களிலும் தண்ணீர் நிற்கும். மேலே இருந்து எது குளம், எது வயல் என்று தெரியாது. ஆவணி, புரட்டாதியில் அதே குளம் சுருங்கி, விளிம்பு முழுக்க மண் நிறமாகி, வரைபடத்தில் இருப்பதில் பாதிகூட இருக்காது. சின்னக் குளங்கள் புல்வெளியாகவே தெரியும். அப்போது எதைப் பார்ப்பது? அணைக்கட்டை. தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் கட்டு நேர்கோடாக, இருந்த இடத்திலேயே இருக்கும். கட்டு எந்தப் பக்கம், எவ்வளவு நீளம், எங்கே வளைகிறது என்று பாருங்கள். இதை எந்தச் செயலியும் உங்களுக்குச் சொல்லித் தராது. பரந்தனில் வயல் செய்கிற உங்கள் அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும், அவரிடம் கேளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு டெப் கூடாது என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். தரை மங்கலாகத் தெரிகிற ஒரு பின்னேரத்தில், அனுமதி பெற்றே நுழையவேண்டிய கட்டுப்பாட்டு வான்வெளியின் எல்லை எது என்று தேடும்போது, அந்தச் சின்ன விமானப் படம் உங்களைக் காப்பாற்றும். வழிதவறியதால் எரிபொருள் தீர்ந்தோ, தடை செய்யப்பட்ட இடத்துக்குள் நுழைந்தோ ஆபத்தில் மாட்டிய விமானிகள் முந்தி நிறையப் பேர். டெப் வந்த பிறகு அது குறைந்ததை என் கழகத்திலேயே கண்டேன். இறங்கும் நிலையத்தின் வரைபடம், றேடியோ அலைவரிசைகள், பாரமும் சமநிலையும் பற்றிய கணக்கு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பெரிய விமானங்களிலும் இதே கதைதான். அமெரிக்கன் எயர்லைன்ஸ் 2013இல் விமானிகளின் காகிதப் பையை எடுத்துவிட்டு ஐபாட் கொடுத்தது. அந்தப் பையின் எடை 16 கிலோ அளவு.

அதே நிறுவனத்தில் 2015 ஏப்ரலில் என்ன நடந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். வொஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தரவுக்குள் இரண்டு முறை வந்துவிட்டது. செயலி நின்றுபோனது. விமானம் பழுதில்லை, விமானி பழுதில்லை, வானிலையும் பழுதில்லை. ஆனாலும் பல பறப்புகள் தாமதமாகின. பின்னால் ஒரு பெரிய நிறுவனமே இருக்கிற விமானிக்கு அந்த நிலை. செஸ்னாவில் தனியே இருக்கிற உங்களுக்குப் பின்னால் யாரும் இல்லை. ஆகவே இரண்டாவது கேள்விக்கு என் பதில்: காகிதத்தை விடாதீர்கள். அதைத் தினமும் பார்த்து ஓட்டவேண்டும் என்றில்லை. ஆனால் கோடு கீறி, ஹெடிங்கும் (விமானத்தின் மூக்கு நோக்கவேண்டிய திசை) நிமிடமும் எழுதி, மடித்து, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கவேண்டும். இருக்கைக்குப் பின்னால் பைக்குள் கிடக்கிற வரைபடம் இருந்தும் இல்லாதது போலத்தான்.

வெயிலுக்கு வருகிறேன். மூன்று கேள்வியிலும் இதுதான் எங்கட இடத்துக்கு முக்கியமானது. ஐபாட் வேலை செய்யும் சூழல் வெப்பநிலை என்று அதைச் செய்தவர்களே சொல்வது 0 முதல் 35 பாகை செல்சியஸ் வரை. சித்திரை மாதத்து வவுனியா மதியத்தை நினைத்துப் பாருங்கள், நிழலிலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடும். கண்ணாடி மூடிய விமானத்துக்குள் அது எவ்வளவோ கூட. எனக்கு இது அவுஸ்திரேலியாவில் மில்டூராப் பக்கம் ஒரு கோடையில் நடந்தது. நானே முட்டாள்தனமாக டெப்பை முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போனேன். ஏறிப் பறந்து இருபது நிமிடத்தில் திரை கறுத்தது, வெப்பமானி அடையாளம் ஒன்று மட்டும் வந்தது. கீழே எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிக் கோதுமை வயல். கடைசியாக எங்கே இருந்தேன், எத்தனை மணிக்கு என்று எதுவும் நான் எழுதி வைக்கவில்லை. அரை மணித்தியாலம் வியர்த்து வழிந்து, ஒரு ரயில்பாதையைக் கண்டுபிடித்து, அதைப் பிடித்துக்கொண்டு போய் இறங்கினேன். அன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நேரத்தையும் இடத்தையும் காகிதத்தில் எழுதாமல் நான் பறந்ததில்லை.

ஆகவே செய்யவேண்டியது: தரையில் நிற்கும்போது டெப் உங்களோடு நிழலில் இருக்கட்டும், விமானத்துக்குள் இருக்கவேண்டாம். தடித்த தோல் உறையைக் கழற்றுங்கள், சூடு வெளியேற வழி வேண்டும். காற்றுத் துவாரத்துக்கு முன்னால் பொருத்த முடிந்தால் நல்லது. வெயிலில் வைத்துக்கொண்டு சார்ஜ் ஏற்றாதீர்கள், அது சூட்டை இன்னும் கூட்டும். முழுச் சார்ஜோடு ஏறுங்கள், பவர் பேங்க்கைப் பையில் வையுங்கள். சூடாகிவிட்டதென்றால் திரையை அணைத்துவிட்டுத் தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். குளிர்பெட்டியில் வைத்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஈரம் உள்ளே படிந்துவிடும்.

எதை வாங்குவது? சின்னதை வாங்குங்கள். செஸ்னா 152இல் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி இருக்கிற இடத்தில் பெரிய திரைக்கு இடமே இல்லை. யோக்கை, அதாவது விமானத்தைத் திருப்பும் கைப்பிடியை, முழுக்கப் பின்னால் இழுக்கும்போது வயிற்றுக்கும் அதற்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். எட்டு அங்குலம் போதும். இன்னொன்று கடைக்காரருக்குக்கூடத் தெரியாமல் இருக்கலாம்: வைஃபை மட்டும் உள்ள ஐபாடில் ஜிபிஎஸ் வாங்கி கிடையாது. சிம் போடுகிற வகையில்தான் அது இருக்கிறது. சிம் போடத் தேவையில்லை, மாதக் கட்டணமும் தேவையில்லை, ஆனால் அந்த வகைதான் வேண்டும். மலிவு என்று மற்றதை வாங்கினால் வீட்டில் வைஃபையில் சரியாக இடம் காட்டும், வானத்தில் ஒன்றும் காட்டாது. பிறகு வெளியே தனி ஜிபிஎஸ் கருவி வாங்கிப் புளூடூத்தில் இணைக்கவேண்டி வரும்.

செயலிக்குச் சந்தா கட்டும் முன் கொழும்பு வான்தகவல் பிராந்தியம், அதாவது எங்கட தீவு அடங்கிய வான்பரப்பு, அதில் முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் பெற்ற செயலிகள் முதலில் அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவுக்கோ அவுஸ்திரேலியாவுக்கோ செய்தவை. விளம்பரத்தில் மழைமேகம் நிறம் நிறமாக நகர்ந்து வரும். அது அமெரிக்காவில் தரை நிலையங்கள் 978 மெகாஹேர்ட்ஸில் அனுப்புவது. எங்கட வானத்தில் அதற்கு நிலையம் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்து ஆசைப்பட்டுக் காசு கொடுக்கவேண்டாம். மற்ற விமானங்களைக் காட்டும் ஏடிஎஸ்-பி வசதியும் அப்படித்தான். தன் இடத்தைத் தானே அறிவிக்கிற விமானம் மட்டும்தான் அதில் தெரியும். அறிவிக்காத விமானமும் இருக்கும், பறவை ஒருபோதும் அறிவிப்பதில்லை. சுண்டிக்குளம், வங்காலைப் பக்கம் மாரியில் வந்து இறங்கும் பறவைக் கூட்டத்தை நீங்கள் கண்டிருப்பீர்கள். திரை வெறுமையாக இருக்கிறது என்றால் வானம் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பத்தில் எட்டுப் பங்கு நேரம் கண் வெளியே என்று உங்கள் பயிற்றுநர் சொல்லியிருப்பார். டெப் வந்த பிறகும் அந்தக் கணக்கு மாறாது.

உயரம் பற்றி ஒன்று சொல்லவேண்டும், இலங்கையில் பறக்கிறவர்கள் கட்டாயம் அறியவேண்டியது. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல் மட்டத்திலிருந்து இல்லை, பூமிக்குக் கணிதத்தில் வரைந்த ஒரு முட்டை வடிவத்திலிருந்து. உலகத்தில் இந்த இரண்டுக்கும் இடைவெளி ஆகக் கூடிய இடம் எங்கட தீவுக்குத் தெற்கே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. அங்கே பூமியின் ஈர்ப்பு குறைவு, கடல் மட்டம் அந்த முட்டைக்கு 106 மீற்றர் கீழே கிடக்கிறது. வன்னியிலும் இடைவெளி 90 மீற்றருக்கு மேல், அதாவது கிட்டத்தட்ட 300 அடி. அன்ட்ரொயிட் கருவிகள் செயலிக்குக் கொடுக்கும் உயரம் வழமையாக அந்த முட்டையிலிருந்து அளந்தது. நல்ல செயலி திருத்திக் காட்டும், திருத்தாத செயலியும் உண்டு. முல்லைத்தீவுக் கடற்கரையில் நின்று ஒருமுறை சோதித்துப் பாருங்கள். நீங்கள் கடலுக்குத் தொண்ணூறு மீற்றர் கீழே நிற்பதாக அது சொன்னால், அந்தச் செயலியை உயரத்துக்கு நம்பக்கூடாது. திருத்திய செயலியாக இருந்தாலும், பறக்கும் உயரத்தைக் கட்டுப்பாட்டுக் கோபுரம் சொன்ன கியூஎன்எச் (கடல் மட்டத்துக்குக் கணித்த காற்றழுத்தம்) வைத்த உயரமானியில் மட்டும் பாருங்கள். வானத்தில் எல்லாரும் காற்றழுத்தத்தை வைத்தே ஒருவரையொருவர் விலத்திப் பறக்கிறார்கள்.

பொருத்துவது அடுத்தது. 2014 பெப்ரவரி 9இல் பிரித்தானிய விமானப்படையின் வொயேஜர் விமானம் ஒன்று கருங்கடலுக்கு மேலே திடீரென மூக்குக் குத்தி 27 செக்கனில் 4,400 அடி இறங்கியது. விமானியின் கமராவொன்று கைதாங்கிக்கும் கட்டுப்பாட்டுப் பிடிக்கும் இடையில் இருந்திருக்கிறது. இருக்கையை முன்னால் நகர்த்த, கமரா பிடியைத் தள்ளிவிட்டது. அவ்வளவுதான் காரணம். செஸ்னாவில் டெப் வழுக்கி, காலால் மிதிக்கும் றடர் பெடலுக்குக் கீழே போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். முறிகண்டியில் பிள்ளையாருக்கு வாகனத்தை நிறுத்தாமல் எங்கட ஆட்கள் ஒருவரும் போகமாட்டார்கள் இல்லையா, அதுபோல எஞ்சினைப் போடும் முன் ஒருமுறை நிறுத்தி, யோக்கை நான்கு பக்கமும் முழுக்க அசைத்துப் பாருங்கள், டெப் எதிலும் தட்டக்கூடாது. உறையின் காந்தம் திசைகாட்டியைத் திருப்பும். டெப்பைக் கிட்டக் கொண்டுபோய் ஊசி ஆடுகிறதா என்று தரையிலேயே பாருங்கள். சில கறுப்புக் கண்ணாடிகளைப் போட்டால் திரை ஒரு கோணத்தில் முழுக்க இருண்டு தெரியும், அதையும் முதலே சோதியுங்கள். எல்லா அழைப்பையும் நிறுத்திவிடுங்கள். தரை இறங்கும்போது அம்மாவின் வட்சப் அழைப்பு வரைபடத்துக்கு மேலே வந்து நிற்கக்கூடாது.

தரவு விசயத்தில் சுருக்கமாகச் சொல்கிறேன். வான்வழித் தகவல்கள் உலகம் முழுக்க 28 நாளுக்கு ஒருமுறை மாறும். மாறியதை வீட்டில் இறக்கி, பிறகு இணையத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு வரைபடமாகத் திறந்து பாருங்கள். திறக்காதது வானத்திலும் திறக்காது. பழைய தரவில் புதிய கோபுரம் இருக்காது. மன்னார்த் தீவின் தென்கரையில் 30 காற்றாலைகள் 2020 கடைசியில்தான் வந்தன. அதற்கு முந்திய தரவில் அந்தக் கரை வெறும் மணல். விமானிகளுக்கான நோட்டாம் அறிவித்தல்களைச் செயலியில் மட்டும் பார்த்து நிறுத்தாமல் முறைப்படி பெற்றுப் படியுங்கள். வடக்கில் வவுனியா, இரணைமடு போன்ற ஓடுபாதைகள் விமானப்படையின் கையில் இருக்கின்றன. திரையில் இரண்டு ஊரைத் தொட்டால் செயலி நடுவில் ஒரு நேர்க்கோடு போட்டுவிடும், அந்தக் கோடு அனுமதி பெற்றுத் தராது. சட்டப்படியும் பொறுப்பு உங்களுடையதுதான். ஐகாவோவின் 6ஆம் பின்னிணைப்பு இரண்டாம் பகுதி, கையடக்கக் கருவி விமானத்தின் அமைப்புகளையோ அதை ஓட்டும் திறனையோ பாதிக்காமல் பார்ப்பது விமானத் தலைவரின் அல்லது விமான உரிமையாளரின் கடமை, அல்லது இருவரினதும் கடமை என்கிறது. தனியே போகும்போது அந்தத் தலைவர் நீங்கள்தான், தங்கச்சி. பாடசாலையின் தலைமைப் பயிற்றுநரிடம் எழுத்தில் அனுமதி கேட்டுவிட்டே கொண்டு ஏறுங்கள்.

டெப் வாங்கும்வரை செலவில்லாத ஒரு பயிற்சி சொல்கிறேன். அடுத்த முறை ஊருக்கு யாழ்தேவியில் வரும்போது காகித வரைபடத்தை மடியில் விரியுங்கள், கைபேசியைப் பைக்குள் போடுங்கள். வவுனியா விட்டதும் நேரத்தை எழுதுங்கள். அடுத்த நிலையம் எத்தனை மணிக்கு வரும், அதற்கு முன் எந்தக் குளம் எந்தப் பக்கம் வரும் என்று முதலே எழுதி வையுங்கள். மாங்குளத்தில் கணக்கைத் திருத்துங்கள். கிளிநொச்சியில் இறங்கும்போது உங்கள் கணக்கு இரண்டு நிமிடத்துக்குள் சரியாக வந்ததா என்று எனக்குச் சொல்லுங்கள். வந்துவிட்டதென்றால் அப்பாவிடம் காசு வாங்கலாம்.